அண்ணன் பெயரில் கடந்த கடல்

நீர்கொழும்பிலிருந்து மதினியைக் கூட்டிவர அண்ணன் எல்லா ஏற்பாடும் செய்து முடித்திருந்தான். கூட்டிவந்தது நான். அப்போது அவன் உயிரோடு இல்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. குமரிக் கரையில், இனயத்தில் எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி இருந்தது. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் கட்டமரம் ஏறி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினான். என்னை மட்டும் கடலில் இறங்க விடவில்லை. 'நீ எழுத்துப் படி' என்றான். நான் ஏழாம் வகுப்பு முடித்து, பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் நீர்கொழும்புக்குப் போய் ஒரு கருவாட்டுக் கடையில் வேலைக்கு நின்றான். அங்கேயே ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டினான்.

அவளும் எங்களைப்போல வேதக்காரப் பெண்தான், மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண்தான். இங்கே எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து, 'இவனுக்கு வேறு கலியாணம் இல்லை' என்று பங்குச் சாமியார் எழுதி அனுப்பிய பிறகுதான் அங்கே தாலி கட்ட விட்டார்கள். அதனால் ஊருக்கே தெரிந்த கலியாணம். அம்மாவுக்கு ஒரே ஒரு மனக்குறை.

"பாசை தெரியாதவ எனக்க கிட்ட என்னத்தப் பறைவா? ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துட்டு இருக்கவா?" என்பாள்.

மதினி கர்ப்பமானதும், பிள்ளை தன் ஊரில்தான் பிறக்கவேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தான். கூரையை மாற்றவும் அம்மாவின் மனத்தைச் சரிசெய்யவும் அவன் முன்னால் தனியாக வந்தான். அவளை எப்படிக் கூட்டிவருவது என்பதே அந்த நாட்களில் வீட்டுப் பேச்சு. குளச்சலிலிருந்து கயிறு ஏற்றிக் கொழும்புக்குப் போகிற தோணிக்காரர் ஒருவர், திரும்பும்போது ஏற்றிவந்துவிடுகிறேன், ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்கமாட்டான் என்றார். வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தோணியில் ஏற்ற அம்மா ஒப்பவில்லை. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பல் இருந்தது. எங்கள் வசதிக்குத் திறந்த தட்டில்தான் இடம் கிடைக்கும், அது மழைக்காலம். கடைசியில் ரயில் என்று முடிவாயிற்று. தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து சின்னக் கப்பல், தனுஷ்கோடியில் இறங்கி மறுபடி ரயில், திருநெல்வேலியிலிருந்து பஸ்.

அந்த வழியில் ஒரு சங்கடம் இருந்தது. பெண்களை ஏமாற்றி அக்கரைக்குக் கடத்துகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. சிங்களப் பெண் ஒருத்தி இந்தியாக்காரனோடு கப்பல்துறையில் நின்றால், இவள் உனக்கு யார் என்று கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இக்கரையில் இறங்கினாலும் காய்ச்சல் பார்க்கும் முகாமில் சில நாள் நிறுத்திவைப்பார்கள். அண்ணன் சாமியாரிடம் போய்க் கேட்டான்.

"கலியாணச் சீட்டு கையில இருக்கட்டும். புருசன் கூட நிக்கும்போ யாரு என்ன கேக்கப் போறா?" என்றார் அவர்.

அவன் புறப்பட இருந்த வாரம், பழைய கூட்டாளிகள் கூப்பிட்டார்கள் என்று கட்டமரம் ஏறினான். ஆனி மாதக் கடல். மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். அலைமடக்கில் மரம் கவிழ்ந்தபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான், பிறகு தலையைக் காணவில்லை என்றார்கள். உடல் கரை ஒதுங்கவில்லை. தெற்கே ஒரு ஊர், வடக்கே ஒரு ஊர் என்று தேடினோம். உடல் இல்லாமல் எப்படி அடக்கப் பூசை வைப்பது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார் சாமியார். அம்மாவும் அதைத்தான் விரும்பினாள்.

ஊரில் பெரியவர்கள், அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதாசு போட்டுவிட்டால் போதும், அவள் அவளுடைய வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ போய் அவளுக்க மொகத்தப் பாத்துச் சொல்லு. சொன்ன பெறவு வரேன்னு சொன்னா கூட்டிட்டு வா. வரல்லன்னா விட்டுட்டு வா. சொல்லாமக் கூட்டிட்டு வந்துராத, கேட்டியா?"

அப்படித்தான் நான் முதல்முறையாகக் கடல் கடந்தேன்.

நீர்கொழும்பில் கடற்கரை மணலில் தென்னோலைப் பாய் விரித்து மீன் காயப்போட்டிருந்தார்கள். நடுவே ஒரு பெண் குனிந்து மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்து நிமிர்ந்தாள். எனக்கும் அண்ணனுக்கும் நடை ஒன்று என்று ஊரில் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே பாதி தூரம் ஓடிவந்தவள் சட்டென்று நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மறுபடி சிரித்தாள்.

"ஏலே மக்கா, வந்தியா? அண்ணன் எங்ஙன?"

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அண்ணன் 'ஏலே மக்கா, வந்தியா' என்றுதான் கேட்பான். அந்த 'மக்கா'வை அவன் சற்று இழுத்து மேலே தூக்குவான். அவளும் அதேபோல் தூக்கினாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அவன் வாயிலிருந்து வந்தது. வேறு ஒருவரிடமும் அவள் தமிழ் கற்றதில்லை.

ரயிலில் நான் சேர்த்துவைத்த சொற்களெல்லாம் போய்விட்டன. "மதினி, அண்ணன கடலு கொண்டு போச்சு" என்றேன்.

"எங்க கொண்டு போச்சு?" என்று கேட்டாள். நான் கடலைக் காட்டினேன். "எப்பக் கொண்டு வரும்?" என்றாள்.

மணலில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காக்கையை விரட்டினாள். அப்புறம் பாய்களை ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவளுடைய தகப்பனார் தமிழ் கொஞ்சம் புரியும் மனிதர். நடந்ததை என்னிடம் கேட்டு, அவர் அன்றும் மறுநாளும் மகளோடு பேசினார். இங்கேயே இரு, பிள்ளையை நான் வளர்க்கிறேன், கடல் எங்கேயும் ஒன்றுதான், இங்கிருந்தே பார்த்துக்கொள் என்று சொன்னாராம். அவளே எனக்கு அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவரு போன எடம் அங்ஙன. நான் அங்ஙன வரேன்" என்றாள்.

அப்போதுதான் கலியாணச் சீட்டுப் பிரச்சினை வந்தது. அதில் இருந்தது அண்ணன் பெயர். இறந்தான் என்று காட்ட எந்தக் கோயில் ஏட்டிலும் எழுத்து இல்லை. கொழுந்தன் என்று சொன்னால் கப்பல்துறையில் விடமாட்டார்கள். போன மாதம்தான் ஒரு பெண்ணை அப்படித் திருப்பி அனுப்பினார்கள் என்றார் தகப்பனார். முடிவில் அவள்தான் வழி சொன்னாள்.

"கேட்டா நீ அவரு பேரைச் சொல்லு. நான் ஆமான்னு சொல்லுகேன்."

தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

தலைமன்னார்த் துறையில் ஒரு காவல் அதிகாரி சீட்டை வாங்கிப் பார்த்தார். பெயர் என்ன என்றார். நான் அண்ணன் பெயரைச் சொன்னேன். என் வாயால் அவன் பெயரை நான் அதற்கு முன் சொன்னதே இல்லை. அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அதிகாரி அவளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் தலையசைத்தாள். கப்பலில் அவள் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். ஆடி மாதக் காற்றில் எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தண்ணீரையே பார்த்தபடி இருந்தாள்.

தனுஷ்கோடியில் இறங்கியதும் எங்களை நிறுத்திவைத்த முகாமில் ஆண்களுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒரு கொட்டகை. இரண்டுக்கும் நடுவே கம்பி வேலி. காய்ச்சல் கண்டவர்களைப் பின்னால் ஒரு தனிக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். காலையில் கஞ்சி ஊற்றுவதற்கு முன் குமாஸ்தா ஏட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் 'ஆஜர்' சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கூடுதலாக நாட்கள் இருக்க நேரிடும்.

முதல் நாள் அண்ணன் பெயரைக் கூப்பிட்டபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் மறுபடி கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. "ஆஜர்" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் நின்ற மதினி, பெயர் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள். அவள் பார்வை என் மேல் படவில்லை. எனக்குப் பின்னால் சற்றுத் தள்ளிப் பார்த்தாள். நான் திரும்பினேன். வெறும் மணலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. தினமும் இப்படியே. பெயர் விழும், அவள் நிமிர்வாள், எனக்குப் பின்னால் பார்ப்பாள். எனக்கு முதுகில் குறுகுறுவென்று இருக்கும்.

ஒருநாள் முகாம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. நான் கொட்டகையின் கடைசியில் இருந்த கக்கூசில் இருந்தபோதே பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவசர அவசரமாக ஓடிவந்தேன். வரிசை கலைந்து, எல்லோரும் கஞ்சிக்குப் போய்விட்டார்கள். குமாஸ்தாவிடம் போய், "ஐயா, என் பேரு" என்று இழுத்தேன். அவர் ஏட்டில் விரல் வைத்துப் பார்த்தார்.

"அதான் ஆஜர் சொல்லியாச்சே. போய்க் கஞ்சியக் குடியும்."

"யார் சொன்னது?"

"ஏன், உம்ம பேருக்கு நீர்தானே சொல்லணும்?" என்று என்னை விசித்திரமாகப் பார்த்தார். மேலே பேசினால் வம்பு என்று நான் விலகி வேலி ஓரமாகப் போனேன். மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, இன்னைக்கு அண்ணன் பேருக்கு யாரு பதில் சொன்னா?"

"அவருதான்" என்றாள். அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். "நான் கேட்டேனே."

"பக்கத்துல நிண்ணவன் யாராவது தெரியாமச் சொல்லிருப்பான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கும்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மறுநாளிலிருந்து வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். பெயர் முழுதாக விழுவதற்கு முன்பே ஆஜர் சொல்லிவிடுவேன். இடைவெளி விட எனக்குத் தைரியம் இல்லை.

ஒருவழியாக விட்டார்கள். ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர்ச் சுங்கச் சவுக்கைக்காரர்கள் எங்கள் துணிமூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். அவள் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாகர்கோவிலில் பஸ் மாறித் தக்கலையில் இறங்கி, மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தோம். தெருவே கூடி நின்றது. அம்மா வாசலில் நின்றாள். மதினி வண்டியிலிருந்து இறங்கி நேராக அவளிடம் போனாள்.

"எம்மோ, இந்தா வந்தாச்சு. வெள்ளம் இருக்கா?"

கடலிலிருந்து வரும் ஒவ்வொரு நாளும் அண்ணன் வாசலில் நின்று கேட்பது அது. வீட்டுக்கு வந்தால் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று மதினி நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. அம்மா உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணிடம் கற்ற தமிழ் என்பதால் மதினி ஆண்பிள்ளை மாதிரிப் பேசினாள். கிணற்றடியில் பெண்களை 'ஏலே' என்று கூப்பிட்டாள். அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்து, "ஏட்டி, பொம்பளையள 'ஏட்டி'ன்னு கூப்பிடணும்" என்று திருத்தினார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு ஒண்ணும் படிச்சுக் கொடுக்கண்டாம். அவ பறையது பறையட்டும்" என்று சத்தம் போட்டாள். மெல்ல மெல்ல மதினியைக் கிணற்றடிக்கே விடாமல் தானே போய்த் தண்ணீர் எடுத்தாள். வீட்டில் மட்டும், "மக்கா, இன்னும் ஒருக்க அதப் பறை" என்பாள். மதினியும் சொல்வாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நான் எழுந்து கடப்புறத்துக்குப் போய்விடுவேன். மருமகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அம்மா யாரோடு பேசுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. மதினிக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். இருந்தும் கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து திரும்பி வந்தார். இளவயதில் அண்ணனோடு ஒரே மரத்தில் தொழில் செய்தவர். நாங்கள் இருந்த அதே முகாமில், காய்ச்சல் கட்டடத்தில் கிடந்திருக்கிறார். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அம்மாவிடம் சொன்னார்.

"எம்மா, ஒனக்க மொவன் சாகல்ல. முகாமில அவனுக்க பேரு கூப்பிட்டாவ. நான் உள்ள கெடந்து கேட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உடனே எல்லாவற்றையும் சொன்னேன். கலியாணச் சீட்டு, கப்பல்துறை, தினமும் அவன் பெயருக்கு நான் ஆஜர் சொன்னது, எல்லாம். அவர் தலையை ஆட்டினார்.

"நீ சொன்னதும் கேட்டிருக்கேன், தம்பி. மத்த நாளெல்லாம் வேற யாரோ மாதிரி இருந்தது, அவனுக்க பேரு உள்ள வேற ஆளுன்னு நெனச்சேன். ஒருநா மட்டும் அவனே சொன்னான். எத்தனை வருசம் அவன் கூட வலை இழுத்திருக்கேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை எனக்கு இல்லை.

அன்றிலிருந்து அம்மா கரைக்குப் போய் உட்காரத் தொடங்கினாள். சாப்பாட்டுக்கு நான் போய்க் கூப்பிடவேண்டும். கடலில் போனவன் எப்படியோ அக்கரை ஒதுங்கி, நம்மைத் தேடி முகாம் வரை வந்திருக்கிறான், அங்கே ஏதோ தடை என்று தனக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டாள். என் பேச்சை அவள் நம்பவில்லை. ஒருநாள் மதியம் மீன் அரிந்துகொண்டிருந்த மதினியின் முன்னால் வந்து நின்றாள்.

"நீ அங்ஙன இருந்தவ. நீ சொல்லு. எனக்க மொவன் சத்தம் ஒனக்குத் தெரியும். அவன் பேசினானா?"

நான் வாசலில் நின்றிருந்தேன். மதினி அரிவாளைக் கீழே வைத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல எம்மா. எல்லா நாளும் தம்பிதான் சொன்னான். நான் பாத்துட்டுத்தானே நிண்ணேன்" என்றாள்.

அம்மா அப்படியே மதினியின் பக்கத்தில் மீன் செதிலுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் தோளில் தலையை வைத்து அழுதாள். அண்ணன் போனதற்காக அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

மறுநாள் அம்மா சாமியாரிடம் போய், அடக்கப் பூசை வைத்துவிடுங்கள் என்றாள். உடலுக்குப் பதிலாக அவன் வேட்டியும் வலை பின்னும் ஊசியும் பெட்டியில் போயின. பூசை முடிந்து வந்ததும், கதவைச் சாத்திவிட்டு அம்மாவே மதினியின் தாலியைக் கழற்றினாள். ஊர்ப் பெண்கள் யாரையும் தொடவிடவில்லை. அன்று சாயங்காலம் நான் மதினியிடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அம்மை பாவம், மக்கா. ரெண்டு பேரும் கடலப் பாத்துட்டு இருந்தா சோறு யாரு பொங்கும்?" என்றாள்.

கார்த்திகையில் பெண்பிள்ளை பிறந்தது. மதினியைக் கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று அதன்பின் யாரும் தடுக்கவில்லை. அவள் மற்றப் பெண்களோடு மீன்கூடை சுமந்து தக்கலைச் சந்தைக்குப் போனாள். பேச்சு மாறிவிட்டது. 'ஏட்டி' என்றாள், மீனுக்கு விலை பேசினாள், சண்டை பிடித்தாள். அண்ணனின் இழுப்பு எப்போது அவள் நாக்கைவிட்டுப் போயிற்று என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. நானே மதினியைக் கட்டிக்கொண்டால் என்ன, கோயில் மேலிடத்து அனுமதி வாங்கிவிடலாம் என்று உபதேசியார் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் ஆசை இருந்தது. எனக்கு அவளிடம் பிரியம் இருந்தது என்பதை இப்போது எழுதுவதில் வெட்கமில்லை. அம்மா அவளைக் கேட்டாள். அவள் என்னைத் தனியே கூப்பிட்டுப் பதில் சொன்னாள்.

"ஒன்ன எனக்குப் பிடிக்கும், தம்பி. ஆனா ஒனக்கப் பக்கத்துல நிண்ணா நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருப்பேன். அது ஒனக்கும் செரியாகாது."

நான் கொட்டாரம் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனேன். வயல்காட்டு நடுவே வாடகை வீடு. அங்கேயே பெண் பார்த்துக் கலியாணமும் ஆயிற்று. அம்மாவும் மதினியும் பிள்ளையும் கலியாணத்துக்கு வந்து சில நாள் தங்கினார்கள். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்தோம். குழந்தை மட்டும் தூங்காமல் முரண்டு பிடித்தது. பிறந்ததிலிருந்து அலையின் பேச்சைக் கேட்டே தூங்கிய பிள்ளை.

"எம்மா, இஞ்ச கடலு ஏன் மிண்டல்ல?" என்று கேட்டுக் கேட்டு அழுதது.

மதினி அதை மடியில் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். கதையா, ஜெபமா தெரியவில்லை. அத்தனை வருடத்தில் அவள் தன் பாஷையில் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அதில் அவள் குரல் வேகமாக, மெல்லியதாக, ஒரு சின்னப் பெண்ணின் குரல்போல இருந்தது. எனக்கு அறிமுகமே இல்லாத யாரோ ஒருத்தி எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"என்ன சொல்லுகாவ?" என்று என் மனைவி காதோடு கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். அதற்குள் குழந்தை தூங்கியிருந்தது. மதினி பேச்சை நிறுத்தவில்லை.